ஆற்றுக்குத் தயாராகிறவர்

மீன் பிடிக்கிறவர் ஒரு ரகம். மீன் பிடிக்கத் தயாராகிறவர் வேறு ரகம். முதல் ரகத்தைப் பார்க்க நீங்கள் ஆற்றங்கரை வரை போக வேண்டும். இரண்டாவது ரகத்துக்கு அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். பழைய இரும்புக் கடையிலோ, டயர் கடையிலோ, மனைவியின் அலமாரிக்கு முன்னாலோ தலையைச் சாய்த்தபடி நின்றுகொண்டிருப்பார். கைக்கு அகப்பட்டதை எடுத்து, உள்ளங்கையில் ஒரு தடவை தூக்கிப் போட்டுப் பிடித்து, "நல்ல கனம்" என்பார். அவ்வளவுதான். அந்தப் பொருளை வீட்டில் உள்ளவர்கள் மறந்துவிடலாம்.

இப்படி ஒருவர் இல்லாத தெருவே கிடையாது. நாம் பார்க்கப்போகிறவர் தொழிலால் மருந்துக்கடைக்காரர். கடையில் அவரைப் போல நிதானமான மனிதரைக் காண முடியாது. இருமல் மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு, எத்தனை மூடி, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று நம் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் ஆளை விடுவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டுப் பால்கனியில் தோல் கையுறை, முகமூடி, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் சகிதம், உருகுகிற ஈயத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். இதையெல்லாம் பார்க்கக் கொடுத்து வைத்தவள் அவர் மனைவி. பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறாள். நாள் முழுக்க அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு வீடு திரும்பினால், இங்கே அவளுக்கு வாயடைத்துப் போகும்.

ஈயம் எதற்கு என்று அவரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். உட்கார வைத்துவிடுவார். நானே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடுகிற ஆற்றில் தூண்டிலைப் போட்டால் தண்ணீர் இரையை இழுத்துக்கொண்டு போய்விடும். இரை அடியில் நிற்க வேண்டுமானால் தூண்டில் நரம்பில் ஓர் ஈயக் குண்டைக் கட்ட வேண்டும். குண்டுக்குப் பதில், ஈயம் சுற்றிய சின்னக் கூண்டு ஒன்றைக் கட்டி, அதில் ரொட்டித் தூளை அடைத்து விட்டால் இன்னும் விசேஷம். தூள் அடியில் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மீன்களைக் கூப்பிடும். இதற்குப் பெயர் இரைக்கூண்டு. ஆனால் ஆற்றின் அடியில் கல், வேர், முறிந்த கிளை என்று ஆயிரம் தொல்லை. குண்டு சிக்கும். சிக்கினால் நரம்பை அறுத்துவிட்டு வேறு கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"அதனாலதான் வீட்டுலயே செய்யறேன்," என்பார் மருந்துக்கடைக்காரர். "கடையில வாங்கினதுன்னா, போயிடுச்சேன்னு மனசு அடிச்சுக்கும். நம்ம கையால செஞ்சதுன்னா போனா போகட்டும்னு விட்டுடலாம். இது தொலைக்கிறதுக்குன்னே செய்யறது."

இந்த வசனத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதை அவர் மாமனாரிடம் சொல்லியிருக்கிறார். ஒரு பாக்கெட் தலைவலி மாத்திரை வாங்க வந்தவரிடம் சொல்லி, மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்திருக்கிறார். மேல் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் லிஃப்டில்தான் போகிறார்; மாடிப்படியில் வழிமறிக்கப்படுகிறாராம்.

சரி, ஈயம் வானத்திலிருந்தா விழும்? சக்கரம் ஆடாமல் ஓட விளிம்பில் பொருத்துகிற ஈயத் துண்டுகளில் பழசானவற்றை டயர் கடைக்காரர் ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கிறார், அதற்குக் கைம்மாறாக அவருடைய முதுகுவலிக்குத் தைலம் போகிறது, கூரை பழுது பார்க்கிறவர் தகட்டுத் துணுக்குகளைக் கொண்டுவந்து தருகிறார், இதெல்லாம் போதாமல் ஒரு நாள் மருந்துக்கடைக்காரர் பார்வை வரவேற்பறைத் திரைச்சீலையின் மேல் விழுந்தது. காற்றில் பறக்காமல் இருக்க அதன் அடி மடிப்பில் சின்னச் சின்ன ஈயத் துண்டுகளை வைத்துத் தைத்திருந்தார்கள் என்பது திரைச்சீலையை வாங்கிய மனைவிக்கே தெரியாது. அவருக்குத் தெரிந்தது. இப்போது ஜன்னலைத் திறந்தால் திரைச்சீலை கூரையைத் தொட்டுவிட்டு வருகிறது.

அடுத்து கர்லர். முடியைச் சுருட்டிக்கொள்ளப் பெண்கள் தலையில் செருகிக்கொள்வார்களே, வலைபோல ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் குழாய், அதுதான். நீளம் சரி, அகலம் சரி, ஓட்டைகள் அவர் மனசில் நினைத்த அளவு. ஒரு பக்கம் ஈயப் பட்டையை வைத்து மடித்தால் இரைக்கூண்டு தயார்.

"யாரோ புண்ணியவான் இரைக்கூண்டா நினைச்சுதான் இதைச் செஞ்சிருக்கணும்," என்றார் மனைவியிடம், கண்கள் பளபளக்க. "அது தெரியாம நீங்கள்லாம் தலையில மாட்டிக்கிறீங்க."

டாக்டர் வைத்த விருந்துக்குக் கிளம்புகிற அன்று டப்பாவைத் திறந்தாள். பாதி கர்லர்களைக் காணோம். ஒரு பக்கம் சுருண்ட முடியும் ஒரு பக்கம் நீட்டின முடியுமாகப் போய்விட்டு வந்தாள். படம் எடுத்தவர் நல்ல மனுஷர், அவளைச் சுருண்ட பக்கம் தெரியும்படி திருப்பி நிறுத்தினார்.

குண்டு வார்க்க அச்சு வேண்டுமே? அதற்கு அவளே காரணம், பாவம். பல்செட்டுக்கு அச்செடுக்கிற வெள்ளை மாவு, நாள்பட்டுப் போனது, டாக்டரின் பரணில் கிடந்தது. ஆசையாகக் கேட்கிறாரே என்று வாங்கி வந்து கொடுத்தாள். அன்றைக்குக் கொடுத்த இடம்தான் அத்தனைக்கும் ஆரம்பம்.

அச்சில் துளி ஈரம் இருந்தாலும் ஈயம் சீறும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவர், ஒரு நாள் பொறுமை தாங்காமல் காயாத அச்சில் ஊற்றினார். பட்டென்று ஒரு சத்தம். ஹெல்மெட் இருந்ததால் முகம் தப்பியது. பால்கனிக் கூரையில் வெள்ளிப் பொட்டுகள் இன்றைக்கும் மின்னுகின்றன. மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்து, "எவ்வளவு ஈயம் வீணாப் போச்சு பாரு," என்றார்.

இப்படி வார்த்த குண்டுகள் என்ன ஆகும்? கடையிலிருந்து ஒதுக்கிய மருந்துத் தராசில் ஏறும். ஒரு மயிரிழை கூடக் குறைய இருந்தால் திரும்பவும் வாணலிக்கே போகும். எடை சரியாக இருந்தால் வயிறு கொஞ்சம் சரிந்திருக்கிறது என்பார். வயிறும் சரியாக இருந்தால் கொக்கி வளையம் பித்தளையில் இருந்தால் எடுப்பாக இருக்குமே என்பார். மறுபடி வாணலி. ஒரே ஈயம் அந்தப் பால்கனியில் எத்தனை பிறவி எடுத்ததோ, அதற்கே தெரியும்.

ஆற்றுக்குப் போனாரா? அவசரப்படுகிறீர்களே. அவர் இன்னும் தயாராகவில்லை.

மனைவிக்கு வேண்டியிருந்தது மீனும் இல்லை, திரைச்சீலையும் இல்லை. அந்தப் பால்கனி. வீட்டில் காற்றும் வெளிச்சமும் வருகிற இடம் அது ஒன்றுதான். வேலையில் நாளெல்லாம் நின்றுகொண்டே இருக்கிறவள். சாயங்காலம் அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி, ஒரு காபியை ஆற அமரக் குடிக்க வேண்டும் என்பது இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளாக அவள் ஆசை. சாய்வு நாற்காலி ஒன்று ஆசை ஆசையாக வாங்கியும் வைத்தாள். அது படுக்கையறையில், பிரிக்காத அட்டைப்பெட்டிக்குள், துவைத்த துணியைக் குவித்து வைக்கிற மேடையாக இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை அழுகையாக வரும்.

ஒரு நாள் பொங்கிவிட்டாள். கத்தவில்லை; பல் பிடுங்குவதற்கு முன் ஆட்களிடம் பேசுவாளே, அந்தக் குரலில் பேசினாள்.

"ஒரே ஒரு மீன். இந்த ஞாயித்துக்கிழமை ஆத்துல ஒரே ஒரு மீன் பிடிங்க. மாட்டுச்சுன்னா பால்கனி உங்களுக்கு. ஆயுசுக்கும் வாயைத் திறக்க மாட்டேன். மாட்டலைன்னா திங்கக்கிழமை அங்க என் நாற்காலி."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள எப்படிம்மா? நான் இன்னும் தயாராகலையே."

"நானும் கூட வரேன்."

"நீ எதுக்கு வெயில்ல?"

"போற வழியில மீன் மார்க்கெட் இருக்கு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, காரிலிருந்து ஆற்றங்கரை வரை குண்டுகள் நிறைந்த பையை ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். கரையில் துண்டை விரித்து, குண்டுகளை எடை வாரியாக அடுக்கினார். பிறகு வடிவ வாரியாக மாற்றி அடுக்கினார். வெயில் ஏறியது.

"தண்ணியில போடற உத்தேசம் இருக்கா, இல்ல கண்காட்சிதானா?" என்றாள்.

வேறு வழியில்லாமல் முதல் தூண்டில் கம்பில் கர்லர் கூண்டைக் கட்டி, முள்ளில் இரை குத்தி, கூண்டில் ரொட்டித் தூளைத் திணித்து, வீசி, கவட்டைக் குச்சியில் சாய்த்து வைத்தார். இரண்டாவது கம்புக்கு, இருப்பதிலேயே சிறந்ததை எடுத்தார். பேரிக்காய் வடிவம், பித்தளை வளையம், மயிரிழை பிசகாத எடை. அதை முத்தம் கொடுக்காத குறையாக வழியனுப்பினார். அது போய் விழுந்தது, ஆழத்தில் இறங்கியது, சிக்கிக்கொண்டது.

இழுத்தார். வரவில்லை. இந்தப் பக்கம் நடந்து இழுத்தார், அந்தப் பக்கம் நடந்து இழுத்தார். வரவே இல்லை.

"அறுத்து விட்டுடுங்க," என்றாள்.

அவர் நரம்பைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"தொலைக்கிறதுக்குன்னே செய்யறதுன்னு சொன்னீங்களே?"

"இது ரொம்ப நல்லா வந்ததும்மா," என்றார்.

செருப்பைக் கழற்றினார், சட்டையைக் கழற்றினார். நரம்பைப் பிடித்துக்கொண்டே பனியனோடு ஆற்றில் இறங்கிவிட்டார். முழங்கால், இடுப்பு, மார்பு. "அந்தக் கம்பைக் கொஞ்சம் பாத்துக்கோ," என்று திரும்பிச் சொல்லிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார்.

அவர் முங்கியதும் முதல் கம்பின் நுனி துடித்தது.

அவள் பிடித்தாள். நரம்பு சுற்றுகிற உருளையை எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் சுற்றினாள். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்ததுபோல் ஓர் இழுப்பு. அடேயப்பா, இந்த உயிர்த் துடிப்பைப் பற்றி அந்த மனிதர் இத்தனை நாளில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அவருக்கே தெரியாதே, பாவம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு மீன் வந்தது, மேலெல்லாம் வெள்ளியாக. அதற்குப் பக்கத்தில் அவளுடைய சொந்தக் கர்லர் தொங்கிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் அவரைக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள். கையில் மீன், கண்ணுக்குள் நாற்காலி. இதை அவர் பார்த்தால் பால்கனி போயிற்று, ஆயுசுக்கும்.

ஆற்றில் தலை இன்னும் எழவில்லை. திறந்த வாய்க்குள் விரலை விட்டு வேலை செய்வது அவளுக்குப் புதிதா என்ன? முள்ளை நோகாமல் கழற்றினாள். மீனைத் தண்ணீருக்குள் பிடித்து விட்டாள். கூண்டைப் பழையபடி ஆற்றில் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, அவர் புஸ்ஸென்று மேலே வந்தார்.

"இங்க பாரேன், அடியில ஒரு சுரங்கமே இருக்கு."

கீழே கிடந்த ஒரு மரத்தின் வேரில், ஊரில் மீன் பிடிக்கிறவர்கள் எல்லோரும் அறுத்து விட்டுப்போன குண்டுகள் கொத்துக்கொத்தாகத் தொங்கினவாம். மறுபடி முங்கினார். மறுபடி. கடைசியில் பனியன் மடிப்பு நிறைய ஈயத்தை ஏந்திக்கொண்டு, தொலைத்ததைப் போலப் பல மடங்கு சம்பாதித்த முகத்தோடு, சொட்டச் சொட்டக் கரையேறினார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"மீன் ஏதாவது?"

"இல்லையே," என்றாள்.

காரில் திரும்பும்போது அவர் பெரிய மனசோடுதான் பேசினார். "சரிம்மா, பேச்சு பேச்சுதான். பால்கனி உனக்கு." கொஞ்ச தூரம் போனதும் பெருமூச்சு விட்டார். "அந்த இரைக்கூண்டுதான் வேலைக்காகல. அவ்வளவு நேரம் கிடந்தும் ஒரு மீன் கூட கிட்ட வரல பாரு. அதுல எனக்குக் கைராசி இல்ல. போனதும் பிரிச்சுடறேன். உன் கர்லரை நீயே வெச்சுக்கோ."

கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் கையில் அந்த இழுப்பு இன்னும் இருந்தது. மீனை இழுத்து வந்த கூண்டை வேலைக்காகாது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"அது நல்லாத்தாங்க இருக்கு," என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டாள். மாட்டியது, இழுத்தது, விட்டது, எல்லாம். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பால்கனி போச்சு என்று நினைத்துக்கொண்டாள். இருந்தாலும் பெருமை விடவில்லை. எவ்வளவு பெரிய மீன் என்று காட்ட இரண்டு கைகளையும் அகல விரித்தாள். அவர் கைகளைப் பார்க்கவே இல்லை.

"அது கிடக்கட்டும். கூண்டு அடியில அசையாம நின்னுச்சா, இல்ல உருண்டுச்சா?"

நாற்காலி சொன்னபடி திங்கட்கிழமை பால்கனிக்கு வந்துவிட்டது. மீன் வீட்டுக்கு வராததால் தோற்றது தான்தான் என்று அவரே அட்டைப்பெட்டியைப் பிரித்தார். அடுப்பு மூலைக்கு ஒதுங்கியது, ஈயம் போட்டு வைக்கிற வாளி நாற்காலிக்கு முன்னால் நின்றது. சாயங்காலம் அவள் அதில் சாய்ந்து, வாளியின் மேல் காலை நீட்டி, ஆற அமரக் காபி குடிக்கிறாள். மடியில் ஒரு கர்லர். ஈயப் பட்டையை அவர் மடிக்கிற விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை, அதனால் தானே மடிக்கிறாள். டப்பாவில் மிச்சம் இருந்தவற்றையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். இப்போது இரண்டு பக்கமும் நீட்டின முடிதான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நடுவழியில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் கேட்ட கேள்விக்கு அவள் விவரமாகப் பதில் சொன்னாள். என்ன பதில் என்பதை நான் சொல்லப்போவதில்லை. "மீன் பிழைச்சுதே, போதும்" என்று எழுந்து உங்கள் வேலையைப் பார்க்கப் போகிறீர்களா? உங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. "அதெல்லாம் இருக்கட்டும், கூண்டு நின்றதா உருண்டதா?" என்று யாருக்காவது மனசு அரித்தால், அவர்கள் இன்று ஒரு நாளாவது தங்கள் வீட்டுத் திரைச்சீலையின் அடி மடிப்பைத் தொட்டுப் பார்க்காமல் இருக்கட்டும்.