மாமியின் வட்டிலாப்பமும் என் இரண்டு கைகளும்

கல்முனைக்குடியில் பிறந்து வளர்ந்து, கல்யாணமும் முடித்து, ஆறு வயதிலிருந்து இன்றுவரை வட்டிலாப்பம் சாப்பிடாத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். (தெரியாதவர்களுக்கு: தேங்காய்ப்பால், முட்டை, கித்துள் கருப்பட்டி, ஏலக்காய் சேர்த்து அவிக்கும் இனிப்பு. அது இல்லாமல் எங்களுக்குப் பெருநாளும் இல்லை, கல்யாணமும் இல்லை.) கத்தரிக்காய் தின்றால் உடம்பு கடிக்கிறது, இறால் ஒத்துக்கொள்ளவில்லை என்று விலக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். அவர்களுடைய காரணத்தை நாலு பேருக்கு நடுவில் சொல்லலாம். என்னுடையதைச் சொல்ல முடியாது.

ஆறு வயதில் எனக்குச் சுன்னத்துக் கல்யாணம் நடந்தது. நான் ஊரைக் கூட்டிவிடுவேன் என்று பயந்த உம்மா, எனக்குப் பிடித்த வட்டிலாப்பத்தை வாய் நிறைய ஊட்டினார். நான் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்து, சுன்னத்துச் செய்ய வந்த ஒஸ்தா மாமா கத்தியால் தன் வேலையை முடித்துவிட்டார். இனிப்பு தொண்டையில் இறங்க முன்னமே எல்லாம் முடிந்துபோனது. அன்றிலிருந்து ஏலக்காயும் கருப்பட்டியும் சேர்ந்த அந்த மணம் மூக்கில் பட்டால் போதும், என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே இடுப்பில் கட்டிய சாரனுக்கு முன்னால் போய்க் காவல் நிற்கும். புத்தி சொல்லிப் பார்த்துவிட்டேன். கைகள் கேட்பதில்லை.

இருபத்தேழு வயதுவரை இதை எப்படியோ மறைத்தேன். பிறகு மருதமுனையில் சுமையாவை நிக்காஹ் முடித்தேன். எங்கள் பகுதியில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். அங்கே அவனுக்கு முதல் வேலை சாப்பிடுவது. மிச்சம் வைத்தால் சமையலில் குறை என்று அர்த்தம், தொடாமல் விட்டால் வீட்டிலேயே குறை என்று அர்த்தம். என் மாமியாரின் வட்டிலாப்பம் ஊரில் பேர்போனது என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னார்கள். (முதலிலேயே சொல்லியிருந்தால் வேறு ஊரில் பெண் பார்த்திருப்பேன் என்று சுமையாவிடம் ஒருமுறை சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை.)

முதல் நாள் காலை. மாமி தந்த புதுச் சாரன் மொடமொடவென்று இருந்தது. இடியப்பம், கோழிக்கறி, பொரித்த மீன் எல்லாம் பரப்பி, நடுவில் ஒரு பெரிய கிண்ணத்தில் அது ஆவி பறக்க இருந்தது. மாமா, அதாவது என் மாமனார், எதிரில் உட்கார்ந்திருந்தார். சமையலறைத் திரைக்குப் பின்னால் பெண்கள் கூட்டம். திரையின் கீழே தெரிந்த கால்களைப் பார்த்தால் அரை மருதமுனையும் அங்கே நின்றது.

"மருமகன், முதல்ல இனிப்பத் தொட்டுட்டு மத்ததச் சாப்பிடுங்க. ராவெல்லாம் நித்திரயில்லாம அவிச்சது" என்றார் மாமி.

கைகள் புறப்பட்டுவிட்டன. வலக்கையை இழுத்து மேசைமேல் வைத்தேன்.

"மாமி, எனக்கு இனிப்பு ஏலா."

"ஏன் மகன்?"

வாயில் வந்த நோயைச் சொன்னேன். "கொஞ்சம் சீனி வருத்தம் இரிக்கி."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. திரைக்குக் கீழே கால்கள் ஒன்றையொன்று மிதித்தன. மாமாவின் முகம் மாறிப்போனது.

"கலியாணம் பேசக்குள்ள இத ஏன் ஒத்தரும் செல்லல்ல?"

"கொஞ்சம்தான் மாமா."

"கொஞ்சச் சீனியெண்டு ஒண்டும் இல்ல மகன். என்ட காக்காவுக்கும் கொஞ்சமெண்டுதான் தொடங்கின. கால மட்டும் முழுசாத்தான் கழட்டினாங்க."

அண்ணனை நினைத்து அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு வட்டிலாப்பத்துக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. (அதற்கும் வழியில்லை.) மாமா எழுந்து போய் அலுமாரியிலிருந்து சீனி பார்க்கிற மெஷினைக் கொண்டுவந்தார். இப்போதெல்லாம் எங்கள் ஊர்களில் அது இல்லாத வீடு குறைவு என்பதை அந்தப் பொய்யைச் சொல்ல முன் யோசித்திருக்க வேண்டும்.

"விரலத் தாங்க" என்று ஊசியை எடுத்தார். வட்டிலாப்பத்தை முன்னால் வைத்துக்கொண்டு கூரான ஒரு சாமானோடு என்னிடம் ஆள் வருவது வாழ்க்கையில் இது இரண்டாம் தடவை. ஊசி பட முன்னமே கத்திவிட்டேன். திரைக்குப் பின்னால் யாரோ "அல்லாஹ்வே, பாவம்" என்றார்கள்.

மெஷின் என்னைக் காட்டிக்கொடுத்தது. சீனி இல்லை. மாமா நம்பாமல் தன் விரலையும் குத்திப் பார்த்தார். அவருக்கு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"நேத்து ஒளிச்சி எத்தின கிண்ணம் தின்ட நீங்க?" என்று திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் பாய்ந்தது.

மாமா அதைக் காதில் வாங்காமல் மெஷினை மூடினார். "மெஷின் சரி. மாப்பிள்ளதான் பிழ."

அப்போது மாமி திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். "வருத்தமில்லாட்டி ஏன் பொய் செல்லணும்? என்ட புள்ளயப் புடிக்கல்லெண்டா இண்டைக்கே செல்லுங்க மருமகன். மறுகா செல்லாதீங்க."

அவருக்குப் பின்னால் சுமையா நின்றாள். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் பேசியது மொத்தமாக ஒரு பக்கத்துக்கு வராது. அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு தன் மருதாணிக் கைகளைப் பார்த்தாள். பிடிக்காமல் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று அவள் நம்பிவிட்டாள் என்பது தெரிந்தது. பெண் பார்த்த நாளிலிருந்து அவளைத் தவிர வேறு நினைப்பில்லாமல் திரிந்தவன் நான். அதைச் சொல்லக்கூடத் தெரியாமல் நிற்கிறேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் இத்தனை பெண்களுக்கு முன்னால் சுன்னத்துக் கதையை எங்கே தொடங்குவது?

"மாமா, உங்களோட தனியாக் கொஞ்சம் கதைக்கணும்."

கிணற்றடிக்குப் போனோம். பின்னாலேயே வட்டிலாப்ப மணமும் வந்தது.

"சின்ன வயசுல எனக்கு ஒரு வெட்டு நடந்த மாமா..."

மாமா தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டார். "எந்த இடத்துல மகன்?"

சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கைகள் இரண்டும் போய்ப் பதில் சொல்லிவிட்டன.

"யா அல்லாஹ்!" மாமாவின் குரல் உடைந்தது. "அப்ப புள்ள குட்டி?"

"ஐயோ, அப்பிடியில்ல மாமா!"

அதற்குமேல் விளக்க முன் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மகன் முதல் ராத்திரியை நல்லபடி கழித்தானா என்று பார்க்க, ஒரு குலை வாழைப்பழத்தோடு என் உம்மா இறங்கினார். மாமி ஓடிப்போய் நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார். நான் கிணற்றடியிலிருந்து "உம்மா, வேணாம்" என்று சைகை காட்டப் பார்த்தேன். முடியவில்லை. கைகள்தான் வேறு வேலையில் இருந்தன.

உம்மாவுக்கு இயற்கையிலேயே குரல் கொஞ்சம் பெரிசு. பக்கத்து ஊர்ப் பெரியநீலாவணையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"வட்டிலாப்பமா? அட, என்ட மாவே! இவன் சுன்னத்துக் கலியாணத்துல கத்துவானெண்டு நான்தான் வாய்க்குள்ள வட்டிலாப்பத்த வெச்சி அடச்ச. ஒஸ்தா மாமா அந்த நேரம் பாத்து வேலய முடிச்சிட்டாரு. அண்டையிலிருந்து அந்த மணம் வந்தா இவன்ட ரெண்டு கையும் முன்னால போயிரும். அங்க பாருங்க!"

எல்லாரும் பார்த்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்தும் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. கைகள் அங்கேதான் இருந்தன.

பிறகு ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சுமையா சிரிப்பதை அன்றுதான் முதலில் கேட்டேன். வாயைப் பொத்தியும் அடங்காமல், சுவரில் சாய்ந்து, கண்ணீர் வரச் சிரித்தாள். வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தவனுக்கு உயிர் வந்தது. மாமா தென்னை மரத்தை விட்டுவிட்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மாமி மட்டும் சிரிக்கவில்லை. கிண்ணத்தை மூடி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "சாப்பிடுங்க மகன், இடியப்பம் ஆறுது" என்றார். அன்று நான் தின்ற இடியப்பத்துக்குக் கணக்கில்லை.

போன வருசம் என் மகனுக்குச் சுன்னத்து. இப்போது ஒஸ்தா மாமா இல்லை, டொக்டர்தான். மாமி ஒரு சின்ன டப்பாவோடு கூட வந்தார். திறந்து பார்த்தேன், பாகற்காய்ப் பொரியல்.

"இது என்னத்துக்கு மாமி?"

"இவனும் நாளைக்கு ஒரு ஊட்டுக்கு மாப்பிள்ளயாப் போகணும். வெறுக்கிறதெண்டா பாவக்காய வெறுக்கட்டும். பாவக்காய் தின்னாத மருமகன எந்த மாமியும் பிழயா நினைக்க மாட்டா."

டொக்டர் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், சரியான நேரம் பார்த்து மாமி அவன் வாயில் ஊட்டியும் விட்டார். மாமியின் கணக்குத் தப்பவில்லை. என் மகன் இப்போது பாகற்காயைத் தொடுவதில்லை, என் பங்கு வட்டிலாப்பத்தையும் சேர்த்துத் தின்கிறான்.

அதன்பிறகு வந்த பெருநாளில் மாமி வேண்டுமென்றே வட்டிலாப்பத்தையும் பாகற்காய்ப் பொரியலையும் ஒரே தட்டத்தில் வைத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தார். வாப்பாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில், நான்கு கைகளும் சாரனுக்கு முன்னால். சுமையா எடுத்த அந்தப் படம்தான் இன்றைக்கும் அவள் போனைத் திறந்தால் முதலில் தெரிகிறது.