அப்பாவுக்கு ஜனாதிபதி போட்ட கையெழுத்து

லைமா, ஒஹாயோ
ஞாயிறு, சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு

அன்புத் தங்கை வெர்னாவுக்கு அண்ணன் ஹார்லன் எழுதுவது. நானும் உன் அண்ணி ஓபலும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. உன் நலமும் உன் பூனையின் நலமும் அறிய ஆவல்.

விஷயத்துக்கு வருகிறேன். வராமல் தப்பிக்க வழியிருந்தால் வந்திருக்க மாட்டேன். அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்றபோது ஜனாதிபதி கையெழுத்துப் போட்டு அனுப்பிய வாழ்த்துக் கடிதத்தை ஜூலை நாலாம் தேதி உங்கள் ஊர் மியூசியத்தில் வைக்கப்போவதாகவும், கண்ணாடிப் பெட்டிகூட வந்துவிட்டதாகவும், மேயர் திறந்து வைக்கிறார், கடிதத்தை அனுப்பி வை என்றும் எழுதியிருந்தாய். அம்மா தாயே, மேயரை வேறு எதையாவது திறக்கச் சொல்.

நேற்று எங்கள் சங்கத்தின், அதாவது பெரிய மனிதர்களின் கையெழுத்துச் சேர்க்கிறவர்கள் சங்கத்தின் கூட்டம், வழக்கம்போல லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில். சும்மா கிடந்திருக்கலாம், பெருமை பீற்றிக்கொள்ள அப்பாவின் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். டெல்பர்ட் என்று ஒருவன், ஓய்வுபெற்ற பல் டாக்டர், இப்போது அடுத்தவன் கையெழுத்தில் சொத்தை தேடுவதுதான் அவனுக்கு வேலை, அவனும் அதே ஜனாதிபதி தன் மாமனாருக்கு அனுப்பிய கடிதத்தோடு வந்திருந்தான். "ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சு ஜன்னல் வெளிச்சத்துல பாத்துடுவமா?" என்றான். "பாரேன், எனக்கென்ன பயம்?" என்றேன். அந்த ஜன்னல் உயரத்தில் இருப்பதால் இரண்டு கிழவர்களும் ஆளுக்கொரு நாற்காலியில் ஏறிப் பிடித்தோம். சுழிப்பு, வளைவு, கடைசி இழுப்பு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்துவிட்டது வெர்னா! மனிதக் கை ஒருதரம் போட்டதைப்போல மறுதரம் போடாது, இது எங்கள் சங்கத்தில் காபி ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். "மிஷினு போட்டது ஹார்லன். ரெண்டுமே. உங்கப்பான்னு ஒருத்தர் இருந்ததே ஜனாதிபதிக்குத் தெரிஞ்சிருக்காது. போகட்டும் விடு, ஆப்பிள் பை சாப்பிடு" என்று ஒரு துண்டை நீட்டினான் பாவி. அது ஓபல் செய்து கொடுத்தனுப்பிய பை.

முன்பெல்லாம் இந்த ஜனாதிபதிகள் செயலாளரை விட்டுப் போடச் சொன்னார்கள், அப்புறம் மிஷினை வைத்துப் போடச் சொன்னார்கள், தன் பெயரைத் தானே எழுத முடியாத அளவுக்கு ஒரு மனுஷனுக்கு அப்படி என்னதான் வேலை? வீட்டுக்கு வந்து ஓபலிடம் கத்தினேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "மறந்திருப்பாருங்க பாவம். நல்ல மனசோட யாரோ அவருக்காக அனுப்பியிருப்பாங்க" என்றாள். "அது மோசடிடீ!" என்றேன். அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். எனக்குத் தாங்கவில்லை வெர்னா. அப்பா அந்தக் கடிதத்தைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவாரே, ஞாபகமிருக்கிறதா? ஜனாதிபதிக்குத் தன்னைத் தெரியும் என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

போதும், அலுத்துவிட்டது. என்னிடமிருக்கும் கையெழுத்துக்களையெல்லாம் டெல்பர்ட் தலையிலேயே கட்டிவிடப் போகிறேன். பெட்டி காலியாக இருக்கக் கூடாதென்றால் உன் பிறந்தநாளுக்கு நான் அனுப்பும் அட்டைகளை வை. வருஷம் தவறாமல் வருவதை ஷூ டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறாயே, "அண்ணன் கையெழுத்தப் பாத்தாத்தான் எனக்குப் பிறந்தநாளே" என்பாயே, அதில் எந்த மிஷின் வந்தது, எந்தச் செயலாளர் வந்தார்?

கர்த்தர் உன்னையும் பூனையையும் காப்பாற்றட்டும். மேயரிடம் நயமாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அருமை அண்ணன்



பின்குறிப்பு: அன்பு நாத்தனாருக்கு ஓபல் எழுதுவது. உன் அண்ணன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டார். "கையெழுத்த நீயே போட்டு அனுப்பிடு, எப்பவும் போடுறதுதானே" என்று சொல்லிவிட்டுக் குறட்டையும் விட ஆரம்பித்துவிட்டார். ஆமாம் வெர்னா, ஷூ டப்பாவில் இருப்பதெல்லாம் நான் போட்டது. உன் பிறந்தநாள் எந்த மாதம் என்று கேட்டால் இன்றைக்கும் என் முகத்தைத்தான் பார்ப்பார். மோசடி என்று நினைத்துவிடாதே, நல்ல மனதோடுதான் போட்டேன். அப்பாவின் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். மேயர் திறக்கட்டும். அப்பா கை கழுவியது நிஜம்தானே. இந்தக் கடிதம் மட்டும் முதல் வரியிலிருந்து உன் அண்ணன் தன் கையால் எழுதியது. உனக்கு அவர் எழுதிய அசல் இது ஒன்றுதான், பத்திரமாக வைத்துக்கொள். கையெழுத்துக்கு விட்ட இடத்தை நான் தொடவில்லை.