ஃபியூஸைத் திருப்பிக் கொடுத்த வெயில் சாமி

கரண்ட் ஆபீஸ் ஆள் வீடு தேடி வந்து ஃபியூஸ் பிடுங்குவதைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. தன் வீட்டு ஃபியூஸ் கட்டையைத் தானே கழற்றி, வாழையிலையில் பொதிந்து கரண்ட் ஆபீசுக்குக் கொண்டுபோய், "இனிமே எங்காத்துக்கு இது வேண்டாம்" என்று மேஜைமேல் வைத்துவிட்டு வந்த மனிதர் திருவனந்தபுரத்தில் ஒருவர்தான். வலியசாலை வெயில் சாமி. இந்தியாவிலேயே ஒருவர்தான் என்றும் சொல்வேன். மறுப்பவர்கள் இன்னொருவரைக் காட்டட்டும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அவர் ரிட்டயர் ஆன ஆபீசில் கேட்டால் சொல்வார்கள். எங்களுக்கு வெயில் சாமி.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து அஞ்சாம் கிளாஸ் படிப்போடு பஸ் ஏறி வந்தவன் நான். கிளாஸ் கழுவினேன், மாவாட்டினேன், தொண்ணூறுகளில் வலியசாலை முக்கில் சொந்தமாக ஓட்டல் போட்டேன். இன்று ஓட்டல் மூன்று. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் பி.காம். என் சாம்பாரைப் பற்றி நானே பேசக்கூடாது. பேசாமலும் இருக்க முடியவில்லை.

அப்போதெல்லாம் கோடை வந்தால் சாயங்காலம் அரை மணி நேரம் பவர்கட். அணையில் தண்ணீர் குறைந்தால் ஊரில் கரண்ட் குறையும், அவ்வளவுதான் விஷயம். அந்த அரை மணி நேரத்தில் மற்ற கடைகளில் ஈ ஓட்டுவார்கள். என் கடையில் உட்கார இடம் கிடைக்காது. காரணம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்த பட்டிமன்றம். ஒரு பக்கம் வெயில் சாமி, எதிரே கரண்ட் ஆபீஸ் ஓவர்சியர். நடுவர் நான். படிப்பு குறைவுதான், ஆனால் யார் பேச்சில் காபி அதிகம் விற்கிறது என்று எனக்குத் தெரியும்.

சாமிக்கு இந்தக் கிறுக்கு பிடித்த இடம் ஆரல்வாய்மொழி. திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், வழியில் காற்றாலைகளைப் பார்த்ததும் பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிட்டார். அவர் மனைவி, எங்களுக்கு மாமி, தனியாகக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டுத் திரும்பி வருகிறாள், இவர் அதே இடத்தில் அண்ணாந்து நிற்கிறார். ஊருக்கு வந்ததும் பழைய டேபிள் ஃபேனின் இறக்கைகளைக் கழற்றி மொட்டை மாடியில் காற்றாடி கட்டினார். அக்ரஹாரத்தில் வீட்டுக்கு வீடு பொதுச் சுவர். காற்றாடி ஒரு சுற்று சுற்றினால் வரிசை முழுக்கப் பாத்திரங்கள் நடுங்கின. கோடிவீட்டுக்காரர் ரயில் வருகிறது என்று எழுந்து சட்டை போட்டுக்கொண்டதாகக் கேள்வி. தெருவே திரண்டு வந்து அதை இறக்கியது. அதன்பிறகுதான் சாமி சூரியன் பக்கம் போனார். மாடியில் சூரியப் பலகை, கூடத்தில் லாரி பாட்டரி. ஃபியூஸ் கட்டை ஊர்வலம் போனதும் அந்த வாரம்தான்.

"அதொக்க சரி சாமி, ராத்திரி சூரியன் எவிடே?" என்பார் ஓவர்சியர்.

"பாட்டரியில தூங்கறார், ஓய். உங்க அணை மாதிரி வத்திப் போகலை."

"மழைக்காலம் வரட்டே. அப்போ நோக்காம்."

வந்தது. ஜூன் மாதம் இடவப்பாதி மழை ஆரம்பித்தால் எங்கள் ஊரில் சூரியன் எந்தத் திசையில் உதிக்கும் என்பதே மறந்துபோகும். அணைகள் நிரம்பின, ஓவர்சியர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். சாமி வீட்டில் முதலில் ரேடியோ நின்றது, பிறகு பல்பு. ஒரு நாள் கொட்டுகிற மழையில் சாமி என் கடைக்குள் நுழைகிறார். குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏதோ துண்டில் சுற்றி வைத்திருக்கிறார். பிரித்தால் பாட்டரி.

"உடம்பு சரியில்லை. ஒரு ராத்திரி இங்கே படுத்திருக்கட்டும்," என்றார். வாசல் மேஜைக்குப் பக்கத்திலிருந்த பிளக் பாயிண்டைக் கண்ணாலேயே காட்டினார்.

அந்தப் பக்கம் ஓவர்சியர் உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை. நகர்ந்து இடம் கொடுத்து, "டீஸன்ட் பாட்டரி," என்று மட்டும் சொன்னார். சிரித்திருந்தால்கூட சாமி தாங்கியிருப்பார்.

மாமியால்தான் தாங்க முடியவில்லை. கிரைண்டர் மூலையில் கிடக்க, அந்த மழை முழுக்க ஆட்டுக்கல்லில் மாவாட்டித் தோள்பட்டை இறங்கிப்போயிற்று. ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கரமனையில் அண்ணா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சொன்னதை சாமியே என்னிடம் சொன்னார்: "இந்தாத்துக் கிரைண்டர்ல அரைச்ச மாவுல நல்லதா ஒரு தோசை சாப்பிடணும். அன்னிக்கு வரேன்."

மழை விட்டது, வெயில் வந்தது, பல்பும் ரேடியோவும் வந்தன. சாமி மூன்று வேளையும் என் கடையில் சாப்பிட்டார். ஒரு நாள் என் சாம்பாரைக் குறை சொல்ல மறந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு பயம் வந்தது.

"என்ன சாமி?"

"ஆத்துல லைட் இருக்கு, ரேடியோ இருக்கு. 'அதை அணைச்சுத் தொலையுங்கோ'ன்னு சொல்ல ஆளில்லை, ஓய்."

அவர் சும்மா இருக்கவில்லை. ஆனால் ஒரு சங்கடம். வெயில் உச்சிக்கு வந்தால்தான் அவர் வீட்டுக் கிரைண்டர் சுற்றும். வெயில் சாய்ந்துவிட்டால் பாட்டரியில் மிச்சமிருப்பது பல்புக்குத்தான் காணும். காலைத் தோசைக்கு முந்தின நாள் இருட்டின பிறகு அரைப்பதுதான் வழக்கம். சாமி பட்டப்பகலில் அரைத்தார். அந்த மாவைத் தூக்கில் அடைத்து, சாயங்காலம் கரமனை பஸ்ஸில் ஏறினார். நெரிசலில் மாவு பொங்கி மூடியைத் தள்ளி, முன்னால் நின்ற ஒருவரின் முதுகு வழியாக இறங்கியது. அவர் புறா என்று நினைத்து மேலே பார்த்திருக்கிறார். மிச்ச மாவு மறுநாள் காலைக்குள் புளித்துப்போயிற்று. அதில் வார்த்த தோசையை ஒரு வாய் தின்றுவிட்டு, மாமி தூக்கைக் கழுவித் திருப்பி அனுப்பினாள். அடுத்த முறையும் அப்படியே.

ஓவர்சியர் அந்த ஃபியூஸ் கட்டையை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். சாமி தலையை ஆட்டவில்லை. எரிச்சலில் ஓவர்சியர், "சாமிடே மாவு சாயங்காலம் வரையே நிக்கூ. ராத்திரியானா சூரியனைப் போலே அதும் போகும்," என்றார்.

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். சாமி மட்டும் காபியைக் கீழே வைத்தார். "சாயங்காலம்," என்றார். எழுந்து போய்விட்டார்.

மாமிக்குச் சனிக்கிழமை விரதம். ராத்திரி சாதம் தொடமாட்டாள், பலகாரம்தான். அன்று சாயங்காலம் வலியசாலைக் கோயிலுக்கு வருவதையும் அவள் விட்டதில்லை. சாமி அந்தச் சனிக்கிழமை வெயில் ஏறினதும் அரைத்துவிட்டு, மாவு பொங்குவதை நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாராம். ராத்திரிப் பலகாரத்துக்கு வீட்டுக்கு வரும்படி கோயில் வாசலில் மாமியிடம் சொல்லச்சொல்லி அவள் அண்ணாவுக்கு ஆள் அனுப்பியாயிற்று. சாட்சிக்கு என்னையும் வரச்சொன்னார். நான் சாமி வீட்டு வாசலில் நின்றேன்.

அணையெல்லாம் நிரம்பிவிட்டது, இனி கரண்ட் போகிற பேச்சே இல்லை என்று ஓவர்சியர் அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமி கோயிலை விட்டு வெளியே கால் வைக்க, ஒரு தென்னை மட்டை கம்பியில் விழ, தெரு முழுக்க இருட்டு. சாமி வீட்டில் மட்டும் வெளிச்சம். மாமிக்கு வேறு வழி தெரியவில்லை. வெளிச்சம் இருந்த இடத்துக்கு வந்தாள். பெட்டியோடு வந்தாள் என்பதை நான் கவனித்தேன், சாமி கவனிக்கவில்லை.

சாமி வார்த்த முதல் தோசை கேரள வரைபடம்போல் நீளமாக வந்தது. மாமி அவரை ஒரு பக்கம் தள்ளிவிட்டுத் தானே வார்த்தாள். ஒரு வாய் போட்டாள். சாமி கல்லையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

"உப்பு கம்மி," என்றாள். இன்னொரு வாய் போட்டுவிட்டு, "புளிப்பு சரியா இருக்கு."

வெளியே டார்ச்சோடு ஓவர்சியர் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து இலை போட்டாள். தோசை விழ விழத் தீர்ப்பும் விழுந்தது.

"மழைக்கு உங்க கரண்ட், வெயிலுக்கு இவரோடது. நாளைக்குக் காலம்பற அந்தக் கட்டையைக் கொண்டுவந்து மாட்டுங்கோ."

ஓவர்சியர் கையைத் துடைத்துக்கொண்டு தோள்பையைத் திறந்தார். அதே ஃபியூஸ் கட்டை. என்றைக்காவது சாமி கேட்பார் என்று அத்தனை மாதமும் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். சாமி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நன்னா வெச்சிண்டிருக்கேள்," என்றார். பட்டிமன்றம் மறுநாளே மறுபடி ஆரம்பமாயிற்று, அது வேறு விஷயம்.

சாமியும் மாமியும் மகளோடு பெங்களூருக்குப் போய் வருஷங்கள் ஆகின்றன. என் மூன்று ஓட்டல் மாடியிலும் இப்போது சூரியப் பலகை. இந்தத் தெருவில் முதலில் போட்ட ஓட்டல்காரன் நான்தான். பழைய கடையைப் புதுப்பிக்கும்போது எலக்ட்ரீஷியன், வாசல் பக்கத்துப் பிளக் பாயிண்ட் யாருக்கும் பயன்படவில்லை, எடுத்துவிடலாம் என்றான்.

"அது கெடக்கட்டும் டே," என்றேன். "மழை நாள்ல ஒருத்தரு பாட்டரியத் துண்டுல சுத்திக்கிட்டு வருவாரு."