காயில் வரையாத குமுளி

வீடியோ கேமைக் கண்டுபிடித்தவன் ஜப்பான்காரன் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அதைக் கண்டுபிடித்தவர் கம்பத்தில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்குப் பெயரே 'காயில்' என்பதுதான். சொந்தப் பெயர் தபால்காரருக்கே தெரியாது. ரேஷன் கார்டில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "கார்டு தொலஞ்சுபோச்சு" என்று முடித்துவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் குமாஸ்தா வேலையில் மாற்றலாகி நான் கம்பம் போனேன். தங்கியது ஒரு லாட்ஜ் மாடி அறையில். அதற்கு நேர் கீழே காயில் கடை. லாட்ஜ், கடை எல்லாமே ஒரு ராவுத்தருடைய கட்டடம். திராட்சைத் தோட்டமும் ஊரில் நல்ல செல்வாக்கும் உள்ள மனிதர்.

கடையில் எரிந்துபோன மோட்டார்கள் வரிசையாகக் கிடக்கும். நடுவில் பீரோவைப் படுக்கவைத்த அளவில் ஒரு மரப்பெட்டி. முன்பக்கம் கண்ணாடி. உள்ளே, வேட்டிகளை ஒன்றோடொன்று தைத்து ஒட்டுப்போட்ட நீளமான துணி, ஒரு உருளையிலிருந்து இன்னொரு உருளைக்குச் சுற்றிக்கொண்டே போகும். சுற்றுவதற்கு ஒரு சின்ன மோட்டார். துணி முழுக்கப் பெயின்டில் படம். தேனி பஸ் ஸ்டாண்டில் தொடங்கி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் என்று மலையேறிக் குமுளி வரைக்கும் போகும் ரோடு அது.

கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே, கையில் கம்போடு ஒரு தகர மனிதன். நாம் வெளியே நின்று நெம்புகோலை அழுத்தினால் அவன் குதிப்பான். பொத்தானை அமுக்கினால் கம்பை ஓங்குவான். துணியில் எதிரிகள் வரும் இடமெல்லாம் செப்புத் தகடு ஒட்டியிருக்கும். கம்பு முதலில் பட்டால் எதிரி காலி. உடம்பு முதலில் பட்டால் மணி கிர்ரென்று அடித்து, மேலே எரியும் மூன்று பல்பில் ஒன்று அணைந்துவிடும். மூன்றும் அணைந்தால் மறுபடி தேனி பஸ் ஸ்டாண்ட்.

ஐந்து எதிரிகளை அடித்தால் பலம் கூடும். அதாவது, காயில் மோட்டாரை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, தகர மனிதன் கையிலிருக்கும் சின்னக் கம்பை ஸ்க்ரூ டிரைவரால் எடுத்துவிட்டு நீளக் கம்பை மாட்டுவார். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். அதுவரை நாம் வீரத்தை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

ஆடுவதற்கு முன்னால் வேஷம் எடுக்க வேண்டும். ஒரு வேஷம் ஒரு ஆளுக்குத்தான். ஏலக்காய் வியாபாரி வேஷத்தை எதிர் டீக்கடைக்காரர் முதலிலேயே எடுத்துக்கொண்டார். அந்தப் பெருமையில் ஒரு மாதம் டீயில் ஏலக்காய் தட்டிப் போட்டார். தெருவே அதற்காகக் காயிலை வாழ்த்தியது. நான் போனபோது மிச்சமிருந்தது சாமியாரும் சுமைகாரனும். சாமியாரை எடுத்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

மறுநாள் மெஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். காயில் உள்ளே வந்து என் இலையையே பார்த்தார்.

"சாமி, இலையில என்னது?"

"ஆம்லெட்ணே."

"சாமியார் ஆம்லெட் திங்கலாமா?"

"அது ஆட்டத்துலதானண்ணே!"

"அங்கன முட்டையத் தின்னுபுட்டு இங்கன வந்து நின்னா பலம் எப்பிடி ஏறும்? வேசம் எடுத்தா எடுத்ததுதான்."

ஆம்லெட்டைத் தூக்கிப் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஏலக்காய் வியாபாரியின், அதாவது டீக்கடைக்காரரின், இலையில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து மெஸ்காரரும், "சாமிக்கு ரசம் ஊத்துப்பா" என்று ஆரம்பித்துவிட்டார். கம்பத்தில் நான் இருந்த மூன்று வருஷமும் முட்டை என்பது கூடைக்காரி தலையில் போகும் பொருளாகவே இருந்தது.

பெட்டியின் மீதிருந்த இந்தச் சிரத்தையில் கால்வாசி மோட்டார் மேல் இருந்திருந்தால் காயில் பெரிய ஆளாகியிருப்பார். விவசாயிகள் வந்து கத்துவார்கள். அவர் பெயின்ட் டப்பாவைத் திறப்பார். கத்திவிட்டுப் போனவரின் முகத்தை அப்படியே துணியில் வரைந்து எதிரியாக்கிவிடுவார். மீசைக்காரர் ஒருவர் தன்னையே கம்பால் அடித்துத்தான் சின்னமனூரைத் தாண்ட வேண்டியிருந்தது.

ராவுத்தரின் தோட்டத்து மோட்டாரும் இரண்டு மாதமாக அங்கே கிடந்தது. அதற்காக ஒருமுறை வந்து வைதுவிட்டுப் போனவர், ஒருநாள் மறுபடி வந்தார்.

"ஏப்பா காயிலு, கொடி காயுது. எம் மோட்டார் என்னாச்சு?"

"ஒரு தடவ ஆடிட்டுப் பேசுங்க மாமா."

"என்ன வேசம் இருக்கு?"

"சுமைகாரன்தான் மாமா பாக்கி."

பதினைந்து பேருக்குக் கூலி கொடுக்கும் மனிதர், சுமைகாரனாக நெம்புகோலைப் பிடித்தார். வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினம் மோதி முதல் பல்பு போனது. சின்னமனூரில் மீசைக்காரர். உத்தமபாளையத்தில் நாய். மூன்றும் அணைந்தன. மோட்டாரைப் பற்றிக் கேட்காமலே போய்விட்டார். மறுநாள் கடை திறக்கும் முன்பே வந்து நின்றார். அடுத்த வாரம் கூடலூர் வரை போனபோது, கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக ரோட்டை மறித்து ஒருவர் நிற்பதைப் பார்த்தார்.

"ஏப்பா, இது நாந்தான?"

"போன மாசம் நீங்க வஞ்சீகள்ல மாமா."

ராவுத்தர் தலையிலிருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு நீளக் கம்பால் தன்னையே ஓங்கி ஒரு போடு போட்டுவிட்டு முன்னேறினார்.

எல்லாம் சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது காயிலின் வாய். கடைவீதியில் ராவுத்தர் நாலு வியாபாரிகளோடு திராட்சை பேரம் பேசிக்கொண்டு வருகிறார். எதிரே வந்த காயில் நின்றார்.

"ஏலே சுமைகாரா! மூட்டைய எறக்கிப் போட்டுட்டு வெறுங்கைய வீசிக்கிட்டு எங்கலே போற?"

வியாபாரிகள் சிரிப்பை அடக்க முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். காயில் கடைக்குத் திரும்பியதும் ராவுத்தரும் பின்னாலேயே வந்தார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"வாற ஞாயித்துக்கெழம ஆடுறேன். ஒரே ஓட்டமா குமுளி போய்ட்டேன்னா பெட்டிய ஒடச்சு அடுப்புல வச்சிட்டு நீ கடையக் காலி பண்ணணும். எடையில நின்னுபோனா, நீ சாகுற வரைக்கும் இங்கன இரு. ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

"சரி மாமா" என்றார் காயில்.

ராவுத்தர் போனதும் துணியை அப்படியே போட்டுவிட்டு நான் கீழே ஓடினேன். காயிலுக்குக் குடும்பமில்லை, வீடில்லை. பெட்டிக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த பாய்தான் வீடு. ராவுத்தரோ அதற்குள் தேர்ந்த கையாகிவிட்டார்.

"ஸ்பீடக் கொஞ்சம் கூட்டி வைங்கண்ணே. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆளுக்கு ஒரு ஸ்பீடா? சாமியார் பேசுற பேச்சா இது?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை வாசலில் நிற்க இடமில்லை. ராவுத்தர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ராட்டினத்தைத் தாண்டினார், மீசைக்காரரை அடித்தார், நாயை விரட்டினார். கூடலூரில் தன்னைத்தானே அடித்தபோது கூட்டம் விசிலடித்தது. லோயர் கேம்ப் தாண்டி அட்டை கடித்து ஒரு பல்பு, யானை முட்டி இன்னொரு பல்பு. பாக்கி ஒரே பல்பு. கடைசி வளைவும் செக்போஸ்டும்தான் மிச்சம். காயில் பெட்டி ஓரத்தைப் பிடித்தபடி நின்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பட்டென்று கரண்ட் போனது.

மணியும் பல்பும் பேட்டரியில் ஓடுபவை. அதனால் அந்த ஒற்றைப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. துணி மட்டும் நின்றுவிட்டது. காயில் காதில் சொன்னேன்: "அண்ணே, எடையில நின்னுபோச்சு. பேச்சுப்படி அவுக தோத்துட்டாக. கட ஒங்களுக்குத்தான்."

"கரண்ட் போனதுக்கு அவுக என்ன செய்வாக?" என்றார்.

மோட்டார் பெல்ட்டைக் கழற்றி எறிந்தார். உருளையின் அச்சைக் கையாலேயே பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டு, மோட்டார் ஓடும் அதே வேகத்தில், ஒரு நூல் கூடாமல் குறையாமல். வேர்வை முழங்கையில் சொட்டியது. தன் கடையை, தன் பாயை, தன் கையாலேயே ஒரு மனிதர் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

ராவுத்தரும் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வளைவைத் தாண்டினார். செக்போஸ்ட் கட்டையைக் குதித்தார். அடுத்து வெள்ளைத் துணி வந்தது. மறுபடி வெள்ளைத் துணி. பிறகு துணியே தீர்ந்து வெறும் உருளை தெரிந்தது.

"ஏப்பா, குமுளி எங்க?"

காயில் முதல்முறையாகத் தலையைக் குனிந்தார். "வரையல மாமா. அங்கன ஆரும் வந்து சேருவாகன்னு நெனைக்கல. நான் குமுளி பாத்ததுமில்ல."

பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர். கூட்டம் சிரித்துத் தீர்த்தது. ராவுத்தர் சிரிக்கவில்லை. நெம்புகோலைவிட்டுக் கையை எடுத்து, கைக்குட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லாத ஊருக்கு வந்துட்டேன்னு நான் எப்பிடிப்பா சொல்றது? நீ போய்ப் பாத்து வரஞ்சு வையி. அப்பறமா வாரேன். அதுவர கட இருக்கட்டும். மொதல்ல எம் மோட்டாரக் கட்டு."

அந்த வாரத்திலேயே கிடந்த மோட்டார் அத்தனையும் ஓடின. காயில் மட்டும் குமுளிக்குப் போகவேயில்லை. எனக்கு மாற்றல் வந்தபோது, "வாங்கண்ணே, ஒருநா ரெண்டு பேரும் போய்ட்டு வருவோம்" என்று கூப்பிட்டேன்.

"வேணாம் சாமி. பாத்தா வரையணும். வரஞ்சா மாமா வந்துருவாக" என்றார்.

பல வருஷம் கழித்து டீக்கடைக்காரர் கடிதம் போட்டிருந்தார். காயில் அந்தக் கடையிலேயே, அந்தப் பாயிலேயே செத்துப்போனாராம். பாடையைத் தூக்கும்போது, எழுபது தாண்டிய ராவுத்தர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாராம். "ஒங்களுக்கெதுக்குங்க இந்த வயசுல" என்று யாரோ தடுத்திருக்கிறார்கள். "வெலகுங்கப்பா. சுமைகாரன் நாந்தான்" என்று சொல்லித் தோள் கொடுத்தாராம்.

இப்போதும் வேலையாகக் கம்பம் பக்கம் போகிறேன். அதே மெஸ் இருக்கிறது. ஆள் மாறிவிட்டது, என்னை யாருக்கும் தெரியாது. "சார், ஆம்லெட் போடவா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம், ரசம் ஊற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன்.