அத்தைக்கு அளவெடுத்த லைஃப் ஜாக்கெட்

“மாப்பிள்ளை, இது தொளதொளன்னு இருக்கே” என்றார் மாமியார்.

மறுநாள் காலை ரப்பர் படகில் ஆற்றோடு போவதற்காகப் படகுக்காரர் கொடுத்திருந்த லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கூடார வாசலில் நின்றிருந்தார். டெய்லரான மாப்பிள்ளைக்குப் புல்லரித்தது. கல்யாணமான நாளிலிருந்து மாமியார் அவரிடம் ஒரு பட்டன் தைக்கக்கூடக் கொடுத்ததில்லை. மாப்பிள்ளை கடையைத் தாண்டி நடந்துபோய், அடுத்த தெரு டெய்லரிடம்தான் கொடுப்பார். ஊரே பார்க்கும். நல்லவேளை, காட்டில் அடுத்த தெரு கிடையாது.

“கழட்டிக் குடுங்க அத்தை. இதோ ஒரு நிமிஷம்.”

கோடை விடுமுறையில் மனைவி, மாமனார், மாமியாரோடு இயற்கையை ரசிக்க வந்தவருடைய பையில் ஊசி, நூல், கத்தரிக்கோல் எல்லாம் இருந்தன. மரங்களை அவர் இன்னும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தார்.

“இப்ப மூச்சு முட்டுது மாப்பிள்ளை.”

உள்ளே இருக்கும் ஃபோம் அட்டைகள்தான் இடத்தை அடைக்கின்றன என்று கண்டுபிடித்து, அவற்றைப் பாதியாக நறுக்கினார்.

“ஓரமெல்லாம் குத்துதே.”

அட்டைகளை மொத்தமாக உருவிப் போட்டுவிட்டு, ஒரு தலையணையைக் கிழித்து அந்தப் பஞ்சை அடைத்துத் தைத்தார். மாமியார் கையைத் தூக்கிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், திரும்பிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. முகம் ஒரு மாதிரியாகி, பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று டெய்லர் எடுத்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் மனைவி வந்தாள்.

“என்னங்க, என் தலையணை எங்க?”

“உங்கம்மா ஜாக்கெட்டுக்குள்ள” என்றார் பெருமையாக.

“பஞ்சையா வெச்சீங்க? பஞ்சு மிதக்குமா, தண்ணியக் குடிக்குமா?”

அப்போதுதான் டெய்லருக்குப் புரிந்தது. ‘அடேய் மேதாவி! மாமியார் மனசுல இடம் பிடிக்கப் போயி, மாமியாரையே முழுகடிக்கப் பாத்தியேடா’ என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

விடிந்தும் விடியாமலும் படகுக்காரரின் கொட்டகைக்கு ஓடினார். அங்கே தொங்கியவற்றில் மாமியார் அளவுக்கு நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு, பஞ்சு ஜாக்கெட்டை அதே ஆணியில் மாட்டினார். நல்லதைக் கொண்டுவந்து மாமியாரிடம் கொடுத்த பிறகுதான், மற்றதை வேறு யாராவது போட்டுக்கொள்வார்களே என்பது உறைத்தது. திரும்ப ஓடினார். கொட்டகை காலி. எல்லாவற்றையும் படகுக்காரர் அள்ளிக்கொண்டுபோய்க் கரையில் குவித்திருந்தார்.

எல்லாம் ஒரே ஆரஞ்சு நிறம். டெய்லர் தன் தையலைத் தேடினார். கம்பெனித் தையலுக்கும் அவர் தையலுக்கும் இம்மியும் வித்தியாசம் தெரியவில்லை. கடையில் என்றைக்காவது இவ்வளவு நேர்த்தியாகத் தைத்திருந்தால் மாமியார் ஏன் அடுத்த தெருவுக்குப் போகப்போகிறார்?

“என்ன சார் பராக்குப் பாக்கறீங்க? போடுங்க” என்று படகுக்காரர் ஒன்றை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டார். அதற்குள் மற்றவர்களும் ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டுவிட்டார்கள். வேறு வழியில்லை. டெய்லர் ஒவ்வொருவர் விலாவாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே போனார்.

“யோவ், எதுக்குய்யா கட்டிப் பிடிக்கிற?” என்று அலறினார் ஒரு தடியர்.

“அளவு சார்... அளவு பாக்கறேன்.”

“உங்கிட்ட நான் துணியா தைக்கக் குடுத்தேன்?”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆறு பாறைகளில் மோதி நுரை கக்கிக்கொண்டிருந்தது. மாமியாரை முதல் ஆளாக ஏற்றி உட்காரவைத்திருந்தார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். படகுக்காரர் படகைத் தள்ளக் கை வைத்த நேரத்தில், டெய்லர் குறுக்கே போய் விழுந்தார்.

“யாரும் போகாதீங்க! ஒரு ஜாக்கெட்டுக்குள்ள வெறும் பஞ்சு இருக்கு. வெச்சது நான்தான்!”

படகுக்காரர் எல்லாரையும் இறக்கி, ஜாக்கெட்டுகளைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அமுக்கினார். எல்லாம் மிதந்தன. கடைசியாக டெய்லரைப் பார்த்தார். டெய்லர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். அது தண்ணீரைக் குடித்துக்கொண்டே அடிக்குப் போய் உட்கார்ந்தது. ஊரார் விலாவையெல்லாம் அமுக்கியவர் தன் விலாவை மறந்துவிட்டிருந்தார்.

“இன்னிக்குப் படகு கிடையாது. எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்காம நான் ஒருத்தரையும் ஏத்த மாட்டேன்” என்றார் படகுக்காரர்.

கூட்டம் டெய்லரைப் பார்த்த பார்வையில் ஆற்றிலேயே குதித்துவிடலாம் போலிருந்தது. அவர் கூனிக் குறுகி மாமியார் முன்னால் போய் நின்றார். இனி இந்த ஜென்மத்தில் நல்ல பெயர் கிடையாது என்பது நிச்சயமாகிவிட்டது.

“மன்னிச்சிடுங்க அத்தை. உங்க உயிரோடயே விளையாடிட்டேன்.”

மாமியார் முகமெல்லாம் சிரிப்பாக, ஃப்ளாஸ்கிலிருந்து டீயை ஊற்றித் தன் கையாலேயே நீட்டினார். “முதல்ல சூடா இதைக் குடிங்க மாப்பிள்ளை.”

டெய்லருக்கு ஒன்றும் புரியவில்லை. அதுவரை வாயே திறக்காத மாமனார் மெதுவாக அவர் காதருகே குனிந்தார்.

“அவளுக்குத் தண்ணின்னாலே நடுக்கம் மாப்பிள்ளை, அளவு சரியில்லன்னு சொல்லிக் கரையிலயே தங்கிடலாம்னு அவ பாத்தா, நீங்க விடாம சரி பண்ணிக் குடுத்துக்கிட்டே இருந்தீங்க!”