ஸ்கூல் கிரவுண்டுல நான் புதைச்ச ஹரப்பா

போன திங்கட்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு சிந்துவெளி நாகரிகம் நடத்தணும். அவ்வளவுதான்.

மத்த நாளா இருந்தா பாடத்தை வாசிச்சு, கேள்வி பதில் எழுதிப் போட்டு, நாற்பது நிமிஷத்துல ஒரு நாகரிகத்தையே முடிச்சு விட்டிருப்பேன். ஆனா அன்னிக்கு கல்வி அதிகாரி என் வகுப்பைப் பார்க்க வர்றாரு. நான் திருச்சியில சிஸ்டருங்க நடத்தற ஒரு ஸ்கூல்ல ரெண்டு வருஷமா தற்காலிக டீச்சர். எங்க ஹெச்.எம். சிஸ்டர் தெளிவா சொல்லிட்டாங்க.

“அவர் நல்லபடியா நாலு வரி எழுதிட்டா, உங்க நிரந்தர ஆர்டர்ல அன்னிக்கே கையெழுத்துப் போடறேன் டீச்சர். எழுதலைன்னா... பார்ப்போம்.”

அந்த ‘பார்ப்போம்’ல எனக்கு மூணு நாள் தூக்கம் போச்சு.

ஒழுங்கா சாக்பீஸைப் பிடிச்சு நடத்தியிருக்கணும். விடுவேனா? எனக்குள்ள ஒரு தொல்லியல் அறிஞர் முழிச்சுக்கிட்டாரு. கிரவுண்டு மூலையில பானை, பொம்மை எல்லாம் புதைச்சு வெச்சு, பிள்ளைங்களையே தோண்டி எடுக்க வெப்போம். அதிகாரி அசந்துடுவாரு! யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது, சிஸ்டர்கிட்டகூட. சர்ப்ரைஸ்!

சனிக்கிழமை காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு பானைக்கடைக்குப் போனேன்.

“அண்ணே, உடைஞ்ச பானை இருக்கா?”

கடைக்காரர் கையில இருந்த டீயைக் கீழ வெச்சாரு. “நல்ல பானையே இருக்கேம்மா.”

“இல்லண்ணே, விரிசல் விட்டிருந்தா நல்லா இருக்கும். புதைக்கறதுக்குத்தான்.”

“எங்க?”

“ஸ்கூல்ல.”

அதுக்கப்புறம் அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. விரிசல் விட்டது ஒண்ணை எடுத்து நீட்டிட்டு, “காசெல்லாம் வேணாம், நீங்க கிளம்புங்க”ன்னாரு. கல்வின்னா ஜனங்களுக்கு என்ன மரியாதை பாருன்னு நெகிழ்ந்துபோய் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன்.

வீட்டுல உக்காந்து களிமண்ணுல ஒரு தாய் தெய்வம் செஞ்சேன். காயறதுக்குள்ள தெய்வத்தோட ரெண்டு கையும் கழண்டு விழுந்துடுச்சு. குண்டூசி குத்தி நிறுத்தினேன். பழசாத் தெரியணுமேன்னு மஞ்சளும் காப்பித்தூளும் குழைச்சுப் பூசினேன். ஹரப்பா ஜனங்களுக்கு செம்பு தெரியும்னு பாடத்துல இருக்கே? ஒரு செம்புத் தகட்டுல முத்திரை எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துக் கீறினேன். கூடவே ஒரு கைப்பிடி சோழி, நாலு உடைஞ்ச வளையல்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தாரு. பொம்மையைப் பார்த்தாரு. குண்டூசியைப் பார்த்தாரு.

“யாரு, உங்க ஹெச்.எம்மா?”

“தாய் தெய்வம்ங்க!”

“சரி சரி. என்மேல ஏதும் கோவம் இல்லையே?”

அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும். எங்க!

ஞாயித்துக்கிழமை மத்தியானம், வாட்ச்மேன் சாப்பிடற நேரமாப் பார்த்து, வெயிலுக்கு முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு, பின்பக்க கேட் வழியாப் போய் எல்லாத்தையும் புதைச்சேன். மேல மண்ணைத் தள்ளி காலால மிதிச்சும் விட்டேன். ஹரப்பா ரெடி.

திங்கட்கிழமை காலையில ஸ்கூலுக்குள்ள நுழையறேன், கிரவுண்டு மூலையில கூட்டம்.

நடந்தது இதுதான். யார் வந்தாலும் எங்க ஸ்கூல்ல ஒரு மரக்கன்று நட வெப்போம். வர்றவரு சட்டை கசங்காம நடணுமே, அதனால குழியை முன்னாடியே தோண்டி வெக்கறது எங்க ஆயா லூர்து அக்காவோட வேலை. கிரவுண்டு பூரா கட்டாந்தரை. ஒரே ஒரு மூலையில மட்டும் மண்ணு பொலபொலன்னு இருந்திருக்கு. அக்கா சந்தோஷமா அங்க கடப்பாரையைப் போட்டிருக்காங்க.

“ஐயோ மாதாவே! யாரோ செய்வினை வெச்சுட்டாங்க!”

பானை, மஞ்சள் பூசின பொம்மை, பொம்மையில குண்டூசி, புரியாத எழுத்துல செம்புத் தகடு, சோழி, உடைஞ்ச வளையல். சத்தியமா சொல்றேன், வரிசையா வெச்சுப் பார்த்தப்ப எனக்கே பயமா இருந்துச்சு.

“சிஸ்டர், அது வந்து...”ன்னு ஆரம்பிச்சேன்.

“கிட்ட வராதீங்க டீச்சர்! சின்ன வயசு உங்களுக்கு”ன்னு சிஸ்டர் என்னைப் பின்னாடி தள்ளிட்டாங்க.

கணக்கு சார் முன்னாடி வந்தாரு. “இது எனக்கு வெச்சதுதான் சிஸ்டர். போன மாசத்துலேர்ந்து முழங்காலை மடக்க முடியல.”

தமிழ் ஐயா விடல. “உங்களுக்கு எதுக்கு சார் வெக்கப் போறாங்க? என் பொண்ணுக்கு நாலு வரன் தட்டிப் போச்சு. இது எனக்குத்தான்.”

ரெண்டு பேருக்கும் நடுவுல சண்டையே வந்துடும் போல இருந்துச்சு. நான் செஞ்ச பொம்மைக்கு இவ்வளவு கிராக்கி!

வாட்ச்மேன் வேற தன் பங்குக்கு, “நேத்து மத்தியானம் தலையில முக்காடு போட்டுக்கிட்டு ஒரு பொம்பளை போச்சு சிஸ்டர். தூரத்துல பார்த்தேன். நடையே சரியில்லை”ன்னாரு.

நடைக்கு என்னய்யா குறைச்சல்?

“செஞ்சவங்க கை விளங்காமப் போகும்”னாங்க லூர்து அக்கா. என் வலது கை குறுகுறுன்னுச்சு.

“யாருன்னு மட்டும் தெரியட்டும். நம்ம ஸ்கூல் ஆளா இருந்தா அந்த நிமிஷமே வேலையை விட்டுத் தூக்கிடுவேன்”னாங்க சிஸ்டர்.

திறந்த வாயை மூடிக்கிட்டேன். நிரந்தரம் ஆகலைன்னாக்கூட பரவாயில்ல, தற்காலிகமாவது மிஞ்சட்டும்.

சிஸ்டர் எல்லாரையும் அதட்டினாங்க. “இதெல்லாம் மூடநம்பிக்கை. படிச்சவங்க பேசற பேச்சா இது?” அதட்டிட்டு சேப்பலுக்குப் போய் தீர்த்தம் எடுத்துட்டு வந்து, பானைமேல மூணு தடவை தெளிச்சாங்க. “சும்மா, எதுக்கும் இருக்கட்டும்.”

“ஓடற தண்ணியில விட்டாத்தான் போகும் சிஸ்டர்”னாங்க லூர்து அக்கா.

“எனக்கு நம்பிக்கை இல்ல லூர்து. ஆனா அதிகாரி வர்றதுக்குள்ள இடத்தை சுத்தம் பண்ணணும்ல?”

ஒரு ஆட்டோ வந்துச்சு. என் ஹரப்பாவை சாக்குல கட்டி, வாட்ச்மேன் மடியில வெச்சு, காவிரிக்கு அனுப்பினாங்க. திரும்பிப் பார்க்கக்கூடாதாம். ஆட்டோக்காரர் ரெண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கிட்டுத்தான் வண்டியை எடுத்தாரு. அது கேட்டைத் தாண்டினதும் கணக்கு சார் காலை ரெண்டு தடவை மடக்கிப் பார்த்தாரு.

“லேசாயிடுச்சு!”

பதினோரு மணிக்கு அதிகாரி வந்தாரு. அதே குழியில சிரிச்ச முகமா ஒரு வேப்பங்கன்று நட்டாரு. நேரா என் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சுல உக்காந்தாரு. பக்கத்துல சிஸ்டர்.

என் கையில சாக்பீஸைத் தவிர ஒண்ணும் இல்ல. பெருங்குளம், நேரான தெரு, மூடின சாக்கடைன்னு போர்டுல கிறுக்கிக் கிறுக்கி ஒப்பேத்தினேன். அதிகாரி கொட்டாவியைக் கையால மறைச்சாரு. போச்சுடா, நாலு வரி இல்ல, ஒரு வரிகூடத் தேறாதுன்னு தெரிஞ்சு போச்சு.

அதிகாரி எழுந்திரிக்கும்போது ரெண்டாவது பெஞ்சு ரிஸ்வானாவைக் கேட்டாரு. “சிந்துவெளி நாகரிகம் எப்படிம்மா அழிஞ்சது?”

அவ கையைக் கட்டிக்கிட்டு பளிச்சுனு சொன்னா. “வாட்ச்மேன் தாத்தா ஆட்டோல எடுத்துட்டுப் போய் காவிரில போட்டுட்டாரு சார்.”

வகுப்பே தலையாட்டுச்சு.

“என்னது?”

“ஆமா சார்! நாங்க எல்லாரும் ஜன்னல்லேர்ந்து பார்த்தோம். பாடத்துல போட்டிருக்கே, அதே பொம்மை, அதே எழுத்து. கிரவுண்டுல கிடைச்சுச்சு சார்!”

சிஸ்டர் மெதுவா என் பக்கம் திரும்பினாங்க. ஆறாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குப் பார்த்தவுடனே புரிஞ்சது, அவங்களுக்கு அப்பத்தான் புரிஞ்சது.

அதிகாரி சிஸ்டரைப் பார்த்தாரு. “பாடத்துக்கு செஞ்ச பொருளையா? அதை ஏன் ஆத்துல போட்டீங்க?”

சிஸ்டர் வாயைத் திறந்தாங்க. பாவம், என்னன்னு சொல்லுவாங்க? தீர்த்தம் தெளிச்ச கதையையா?

எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ! “சார், ஆத்துல வெள்ளம் வந்து அந்த நகரங்க அழிஞ்சிருக்கலாம்னு ஒரு கருத்து இருக்கு. அதைப் பிள்ளைங்க மறக்கவே கூடாதுன்னு, நேர்லயே... சிஸ்டரோட ஏற்பாடு சார்.”

அதிகாரி கொஞ்ச நேரம் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாரு. “ஒரு பாடத்துக்கு இவ்வளவு தூரமா!”ன்னு சொல்லிக்கிட்டே உக்காந்து எழுத ஆரம்பிச்சாரு. நாலு வரி கேட்டேன், ஒரு பக்கம் எழுதினாரு. செயல்வழிக் கற்றல், அர்ப்பணிப்பு, முன்மாதிரின்னு என்னென்னமோ. கடைசியா ஒரு குறிப்பு: ‘கற்றல் பொருள்களைப் பாதுகாப்பதில் பள்ளி கூடுதல் கவனம் செலுத்தலாம்.’

அவர் போனதும் சிஸ்டர் என்னை ரூமுக்குக் கூப்பிட்டு கதவைச் சாத்தினாங்க.

“பானை யாருதுன்னு நான் கேக்கல டீச்சர்.”

“தேங்க்ஸ் சிஸ்டர்.”

“தண்ணி யார் தெளிச்சாங்கன்னு...”

“நான் பார்க்கவே இல்ல சிஸ்டர்.”

ஆர்டரை எடுத்தாங்க. கையெழுத்துப் போட்டாங்க.

இப்ப நான் நிரந்தர டீச்சர். அடுத்த பாடம் முதுமக்கள் தாழி. அதை போர்டுல படம் வரைஞ்சே முடிச்சுக்கலாம்னு இருக்கேன்.