தண்ணீருக்கு முன்னால் ஊதும் சங்கு

சங்கு ஊதி ஓய்ந்தபோது மல்லிகா நகர் மூன்றாம் வீதியில் வீட்டுக்குள் ஒருவரும் இல்லை. எல்லோரும் குடமும் கையுமாக அவரவர் வாசல் குழாயடியில் நின்றார்கள். குழாயில் தண்ணீரைத்தான் காணோம்.

“ஏனுங் தம்பி, சங்கு ஊதிருச்சு. தண்ணி எங்கீங்க?” என்றார் எதிர்வீட்டு நஞ்சம்மாள். காலனிக் கமிட்டியின் தலைவி அவர். கிரைண்டரில் பாதி மாவை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். கையெல்லாம் உளுந்து.

கிட்டுசாமி தன் வீட்டு மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தார். மில்லில் ஊதுகிற அந்த மின்சாரச் சங்கு ஒன்றும் அறியாததுபோல் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

அது அவருடைய புதிய கண்டுபிடிப்பு. வேலம்பாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி யூனிட்டில் அவருக்கு வேலை. குழந்தைகள் டீ-சர்ட்டில் வாத்தும் யானையும் பூப்போடும் மெஷினை ஓட்டுவார். வீட்டுக்கு வந்தால் சின்ன அறைக்குள் புகுந்துகொள்வார். உடைந்த செல்போன்கள், உயிர் போன லேப்டாப்புகள், மிக்சி மோட்டார்கள் எல்லாம் அங்கே மறுபிறவிக்குக் காத்திருந்தன. சிலவற்றுக்குப் பிறவியும் கிடைத்தது. இட்லி மாவு பொங்கினால் போனுக்குச் செய்தி அனுப்பும் பாத்திர மூடி ஒன்று செய்தார். மாவு பொங்கி, மேடை முழுக்க வழிந்து, துடைத்தும் முடித்த பிறகு செய்தி வந்து சேர்ந்தது. கை தட்டினால் திறக்கும் கதவு செய்தார். பக்கத்து வீட்டில் துணி துவைத்தால் அது திறந்துகொண்டது, கிட்டுசாமி கை தட்டினால் மட்டும் யோசித்தது.

அவர் மனைவி இந்துமதி பனியன் கம்பெனியில் டெய்லர். அந்த அறையில் இரண்டு தையல் மெஷின் போட்டு, வீட்டிலிருந்தபடியே வேலை எடுத்துச் செய்யவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், போன வாரம் ஒரு முடிவைச் சொல்லிவிட்டாள்.

“இதுல ஒரே ஒரு சாமானாவது ஒரே ஒரு சனத்துக்காவது உதவுச்சுன்னு காட்டுங்க. நான் வாயே தொறக்கலை. இல்லீன்னா மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை இரும்புக் கடை வண்டி வரும்.”

அப்படிப் பிறந்ததுதான் சங்கு. காலனிக்கென்று ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. அது நிறைந்தால் ஊத ஒரு காலத்தில் தொட்டி மேலேயே ஒரு சங்கும் இருந்தது. இப்போது அதற்குள் மைனா குடித்தனம் நடத்துகிறது. வால்வு திறக்கும் சுப்பையன் சங்கையும் பார்க்கமாட்டார், கடிகாரத்தையும் பார்க்கமாட்டார். தோன்றினால் திறப்பார். அவரும் போன வாரம் ஆடு வளர்க்கப்போகிறேன் என்று குண்டடத்துக்குக் கிளம்பிவிட்டார். நஞ்சம்மாள் யாரோ சொன்ன ஒரு புது ஆளைப் போனிலேயே வேலைக்கு வைத்தார். ஆளை ஒருவரும் பார்த்ததில்லை. கமிட்டியின் ரூல் எல்லாவற்றையும் போனிலேயே ஒப்பித்துவிட்டதாக நஞ்சம்மாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

ஆள் மாறினால் நேரமும் மாறும். எனவே கிட்டுசாமி வாசல் குழாயில் அதிர்வு பார்க்கும் சென்சார் ஒன்றை ஒட்டினார். தண்ணீர் வந்தால் குழாய் அதிரும், அதிர்ந்தால் போர்டு விழிக்கும், போர்டு விழித்தால் சங்கு ஊதும். ஒரு தடவை ஊதிவிட்டால் சில மணி நேரம் வாயை மூடிக்கொள்ளும்படி புரோகிராமும் எழுதினார். சங்கு, ஒரு பழைய பனியன் கம்பெனியில் ஷிப்டுக்கு ஊதியது. எந்த இரும்புக் கடைக்கு அறையைக் காலி செய்து அனுப்பப்போவதாக மிரட்டல் இருந்ததோ, அதே கடையில் வாங்கினார்.

இன்றுதான் முதல் ஊதல். முதல் ஊதலிலேயே இந்தக் கதி.

“காத்துங்க்கா. தண்ணிக்கு முன்னால காத்து வருமுங்க,” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார் கிட்டுசாமி.

காற்றைக் குடத்தில் பிடித்து என்ன செய்வது என்று நஞ்சம்மாள் ஆரம்பித்தார். அதே பல்லவியை வீதியே பாடத் தொடங்கியது. இந்துமதி கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரும்புக் கடை வண்டியின் சக்கரம் தெரிந்தது. அப்போதுதான் குழாய் ஒருமுறை இருமியது. ஏப்பம் விட்டது. பிறகு தண்ணீர் கொட்டியது.

குடங்கள் குழாயடிக்கு நகர்ந்தன. கிட்டுசாமிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாய்க்கு வந்ததாகச் சொன்னது உண்மை! தண்ணீர் இன்னும் எங்கேயோ இருக்கும்போதே, அது தள்ளிக்கொண்டு வரும் காற்றைத் தன் சென்சார் மோப்பம் பிடித்திருக்கிறது. வந்த பிறகு சொல்லும் கருவி செய்யப்போய், வருவதற்கு முன்பே சொல்லும் கருவி அமைந்துவிட்டது. இப்படித்தான் பெரிய கண்டுபிடிப்புகளெல்லாம் நடந்திருக்கவேண்டும் என்று அவருக்குப் பட்டது.

முனை பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒல்லி மனிதர் ஒருவர், சங்குச் சத்தத்தில் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு, சைக்கிளில் தாவி ஏறி ஓடியதை மட்டும் கிட்டுசாமி வருத்தத்தோடு நினைத்துப்பார்த்தார். பாவம், இதயம் பலவீனமோ என்னவோ.

ஆனால் வீதிக்குக் கண்டுபிடிப்பின் பெருமை புரியவில்லை. முன்கூட்டியே ஊதி எங்களை வெயிலில் நிற்கவைப்பானேன், தண்ணீர் வந்ததும் ஊதினால் போதாதா என்றார்கள். அதுவும் நியாயம்தான். கிட்டுசாமி சென்சாரின் உணர்ச்சியைக் குறைத்தார். காற்றுக்கெல்லாம் அசையாது, தண்ணீர் வந்தால்தான் இனி ஊதும்.

அது ஊதவே இல்லை. தண்ணீரும் வரவில்லை.

மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. வீதியில் குளிப்பது முகம் கழுவுவதாகச் சுருங்கியது. லாரித் தண்ணீர் வந்தபோது சந்தை போலக் கூட்டம் கூடியது. நஞ்சம்மாள் புது ஆளைப் போனில் பிடித்து விளாசினார். இன்னும் வரவில்லை, வந்த உடனே திறந்துவிடுகிறேன் என்று அவன் பணிவாகச் சொன்னானாம்.

“பாத்தியா,” என்றார் கிட்டுசாமி மனைவியிடம். “தண்ணி இல்லை, சங்கும் ஊதலை. பொய் சொல்லாத மெஷின்.”

“தண்ணி இல்லைங்கறதைச் சொல்றதுக்கு மெஷின் எதுக்குங்க? குடத்தைப் பாத்தாலே தெரியுது,” என்றாள் இந்துமதி.

அவருக்கு மனம் கேட்கவில்லை. ஒருவேளை ராத்திரியில் தண்ணீர் மெதுவாக வந்து, சென்சாருக்குத் தெரியாமல் போய்விட்டதோ? இந்தத் தடவை உணர்ச்சியைக் கூட்டினார். கூட்டியது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பனியன் துணி பின்னும் பக்கத்து நிட்டிங் யூனிட்டில் கம்ப்ரஸர் ஓடினாலே குழாய் நடுங்கும், நடுங்கினால் சங்கு ஊதும் என்பதை அவர் யோசிக்கவில்லை. முதல் நாள் சங்கை எழுப்பியதும் அதுதான் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை சங்கு காலையில் ஊதியது. ஐயோ, வெறும் கம்ப்ரஸர்தான் என்று தலையில் கைவைத்தார் கிட்டுசாமி. ஆனால் சிறிது நேரத்தில் தண்ணீர் வந்தது. மத்தியானம் ஊதியது, தண்ணீர் வந்தது. பொழுது சாய இன்னொரு தரம் ஊதியது, அப்போதும் வந்தது. அவருக்கு எதுவும் புரியவில்லை. கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம் தண்ணீரும் வருகிறதென்றால், இரண்டுக்கும் ஏதோ ஆழமான சம்பந்தம் இருக்கவேண்டும். லேப்டாப்பைத் திறந்து வரைபடம் போட்டார். கோடுகள் அழகாகத்தான் வந்தன.

வீதிக்குக் கோடுகள் தேவைப்படவில்லை. இரண்டாவது தடவை தண்ணீர் வந்தபோது, திறந்துவைத்த குழாய்களை மறந்து எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். நஞ்சம்மாள் மகளின் வளைகாப்புக்கென்று வாசலில் காயவைத்த மிளகாய் சாக்கடை வரை ஊர்வலம் போனது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிய பையன்கள் சங்குக்கு எழுந்து, ஷிப்டு நேரமாகிவிட்டது என்று பட்டப்பகலில் கம்பெனிக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். நிட்டிங் யூனிட் முதலாளி, தன் ஆட்கள் சங்கு கேட்டதும் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுகிறார்கள் என்று சண்டைக்கு வந்தார். பேக்கரிக்காரர், தினமும் டீ குடிக்கும் ஒருவர் ஒரே நாளில் மூன்று டீயைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

கமிட்டி அன்றே கூடியது. அதாவது நஞ்சம்மாள் வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, ஞாயித்துக்கிழமை எங்க ஜெயபாரதிக்கு வளைகாப்பு. பல்லடத்துல இருந்து சம்பந்தியூட்டு சனமெல்லாம் வருது. வளையல் போடறப்ப உங்க சங்கு ஊதுச்சுன்னா வந்த சனம் மில்லுக்குள்ள வந்துட்டமானு நெனச்சுக்கும். சனிக்கிழமைக்குள்ள எறக்கிப்போடுங்க. கோவிச்சுக்காதீங்க.”

கிட்டுசாமி கோபித்துக்கொள்ளவில்லை. அன்றே சங்கின் ஒயரைப் பிடுங்கி அதன் வாயை அடைத்தார். சனிக்கிழமை மாலை ஏணி போட்டு மாடிக்கு ஏறினார். இந்துமதி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நட்டு ஒவ்வொன்றாகக் கழன்றது. சங்கை மடியில் வைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தவருக்கு இறங்க மனம் வரவில்லை. ஒரு கதவு, ஒரு பாத்திர மூடி, ஒரு சங்கு. நாற்பது வயதுக்கு இதுதானா என்று இருந்தது.

இந்துமதி மேலே ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஊதுன ஒவ்வொரு தடவையும் தண்ணி வந்துச்சுங்க. ஒரு தடவை கூட ஏமாத்தலை. யாரும் அதைச் சொல்லலை, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்,” என்றாள்.

கிட்டுசாமி சங்கின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். பதினைந்து வருடத்தில் அவருடைய சாமான் ஒன்றைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

“ஒரு அலமாரி வேணும்னா வெச்சுக்குங்க. மெஷின் போட்டது போக எடம் இருக்கும்,” என்று சேர்த்துக்கொண்டாள். அந்த ஒரு அலமாரிக்குள் உலகத்தையே வைத்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. சரி என்று தலையாட்டினார்.

ஞாயிறு காலை பந்தலும் வந்தது, சமையல்காரரும் வந்தார், பல்லடத்து வேனும் வந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை. வியாழக்கிழமையிலிருந்து ஒரு சொட்டு இல்லை. ஏழு வகைக் கட்டுச்சோறு ஆக்க வந்த சமையல்காரர் அரிசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லாரிக்காரர் சாயங்காலம்தான் வரமுடியும் என்றுவிட்டார். நஞ்சம்மாள் புது ஆளைப் போனில் கூப்பிட்டு, நீயெல்லாம் ஒரு ஆளா, நேரில் வந்து காரணம் சொல் என்று கத்தினார். குரல் உடைந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீதியில் அன்று வந்த தண்ணீர் அதுதான்.

இதற்கு நடுவே இரும்புக் கடை வண்டியும் வந்து கிட்டுசாமி வீட்டு வாசலில் நின்றது. மிக்சி மோட்டார்களும் லேப்டாப்புகளும் ஏறின. அலமாரியில் எதை வைத்துக்கொள்வது என்று தடுமாறிய கிட்டுசாமி, கடைசியில் சங்கையும் தூக்கிக் குவியல் மேலே வைத்தார். இந்துமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது வீதி முனையிலிருந்து ஒரு சைக்கிள் வேகமாக வந்தது. பேக்கரி ஒல்லி மனிதர். போயும் போயும் இன்றைக்கா இவர் இதய வியாதியைச் சொல்லிச் சண்டை போட வரவேண்டும் என்று கிட்டுசாமி ஒதுங்கினார். வந்தவர் சைக்கிளைப் போட்டுவிட்டு நேராக வண்டியிடம் போய், சங்கைத் தொட்டுப் பார்த்தார்.

“இத ஏண்ணே வண்டில ஏத்திட்டீக?” என்றார் பதறிப்போய்.

“நீங்க யாருங்க?” என்று கேட்டபடி நஞ்சம்மாள் பந்தலிலிருந்து வந்தார்.

“நாந்தான்க்கா காசிமாயன். வால்வு தொறக்குறவன்.” அவர் நஞ்சம்மாளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கிட்டுசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். “சங்கு ஊதுனாத்தான் தொறக்கணும்னு அக்கா போன்ல சொன்னாக, சேந்த நாள்லருந்து உங்க சங்கக் கேட்டுத்தானண்ணே ஓடி ஓடித் தொறந்துக்கிட்டு இருக்கேன். டேங்கு நேத்துலருந்து நெறஞ்சு வழியுது, இன்னைக்கு எப்பண்ணே ஊதுவீக?”